ஆட்டம் தொடங்கும் முன்

(அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த ஆகஸ்டில் பெட்டி கட்டிக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போகிறார்கள். எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம், விடுதியில் தயிர் கிடைக்குமா என்று எல்லாம் பேசி முடித்திருப்பீர்கள். நாம் வீட்டில் அவ்வளவாகப் பேசாத ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். கல்லூரி விளையாட்டுகள் நடக்கும் நாளில், அதிலும் முக்கியமாக அமெரிக்க ஃபுட்பால் நடக்கும் சனிக்கிழமையில், ரசிகர்கள் குடிக்கும் மதுவைப் பற்றிய பேச்சு இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தச் சனிக்கிழமையைப் பழிக்க வரவில்லை. 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதிய ஆட்டத்தைத்தான் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் என்பார்கள். அன்று தொடங்கியது இந்த நாட்டின் பெரிய திருவிழாவாக வளர்ந்து நிற்கிறது. பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் மக்கள்தொகை நாற்பதாயிரம் அளவுதான். அங்குள்ள பீவர் ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்குமேல் உட்காரலாம். ஆட்ட நாளில் ஊரைவிட அரங்கம் பெரிது! மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ‘தி குரோவ்’ என்னும் பத்து ஏக்கர் தோப்பு நிறையக் கூடாரங்கள் எழும்பும். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, சரவிளக்கு என்று கல்யாணப் பந்தலைப் போல அதை ஜோடிப்பார்கள். டென்னசியில் ஆற்றில் படகைக் கட்டிவிட்டு ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். மூன்று தலைமுறை ஒரே நிறச் சட்டையில் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால் மனம் நிறையும். நம் பிள்ளைகளுக்கு அதில் இடம் வேண்டும், அவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்றே நானும் ஆசைப்படுகிறேன்.

அந்தத் திருவிழாவுக்குள் மது எப்படி ஓடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே வாகன நிறுத்துமிடங்கள் திறந்துவிடும். வண்டியின் பின்கதவை இறக்கி, அடுப்பு மூட்டி, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக் கூடுவதை இங்கே டெயில்கேட்டிங் என்கிறார்கள். ஆட்டமோ மூன்றரை மணி நேரம். முடிந்தபின் வெற்றிக்கு ஒரு கொண்டாட்டம், தோல்விக்கு ஓர் ஆறுதல். எல்லாம் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தொலைக்காட்சி நிறுவனங்களின் வசதி தீர்மானிக்கிறது. இரவு ஏழு மணி ஆட்டம் என்றால், காலையிலேயே முதல் கோப்பையைக் கையில் எடுத்த மாணவனுக்கு ஒரு முழுப் பகல் குடிக்கும் நேரமாகிவிடுகிறது.

இந்த நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது வாங்கக் கூடாது. 1984இல் வந்த சட்டம், வயது வரம்பை உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைக் குறைப்போம் என்று சொன்னது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. அதனால் சாலை விபத்துச் சாவுகள் குறைந்தன. அது நல்ல சட்டம் என்பதே என் கருத்து. ஆனால் இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்கள். டெயில்கேட்டில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. சிவப்பு பிளாஸ்டிக் கோப்பைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது ஊற்றியவருக்கே தெரியாது.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பானம் என்று கணக்கிடுவது 14 கிராம் ஆல்கஹாலை. சாதாரண பியர் ஒரு கேன், 355 மில்லி, அந்த அளவு. நம் கல்லீரல் ஏறத்தாழ மணிக்கு ஒரு பானத்தைத்தான் எரித்து முடிக்கும். காப்பி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் அதிகரிக்காது. இதில் இன்னொன்று இருக்கிறது. உள்ளே போன மது ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அரங்கத்துக்குள் மது இல்லை என்று தெரிந்த மாணவன் என்ன செய்கிறான்? வாசலுக்கு வருமுன் மூன்று நான்கு கோப்பைகளை மடமடவென்று விழுங்கிவிட்டு உள்ளே வருகிறான். வாசலில் டிக்கெட்டைப் பார்ப்பவரின் கண்ணுக்கு அவன் நிதானமாகத்தான் தெரிவான். இருக்கைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் போதை ஏறும். ஆட்டம் பாதியைத் தாண்டுவதற்குள் அவன் முதலுதவி அறையில் கிடப்பான். செப்டம்பர் மாதத் தெற்கு மாநில வெயிலில், தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இது எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் செய்வதுதானே, விளையாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் ஹென்றி வெக்ஸ்லர் 1993 முதல் 2001 வரை நான்கு முறை நாடு தழுவிய மாணவர் ஆய்வை நடத்தினார். ஒரே அமர்வில் ஆண்கள் ஐந்து பானம், பெண்கள் நான்கு பானம் குடிப்பதை மிகைக்குடி என்று வரையறுத்தார். மாணவர்களில் நூற்றுக்கு 44 பேர் அந்தக் கணக்குக்குள் வந்தார்கள். 1999ஆம் ஆண்டின் தரவை எடுத்து அவரும் டோபன் நெல்சனும் 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 119 கல்லூரிகள், 14,000 மாணவர்கள். விளையாட்டு ரசிகர்களான மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் குடிக்கிறார்கள், மிகைக்குடியும் அவர்களிடம் கூடுதல், குடியால் வரும் சிக்கல்களும் கூடுதல் என்று அதில் கண்டார்கள். பிறகு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த நீல், ஃப்ரோம் இருவரும், பெரிய எதிரணியோடு ஆட்டம் இருக்கும் நாளில் குடி புத்தாண்டு இரவு அளவுக்கு உயர்கிறது என்று 2007இல் எழுதினார்கள்.

குடித்தால் குடித்தவனுக்குத்தானே கேடு என்றும் சிலர் சொல்வார்கள். 2009இல் ரீஸ், ஷ்னெப்பல் என்னும் இரு பொருளாதார ஆய்வாளர்கள், கல்லூரி ஊர்களின் போலீஸ் பதிவுகளை நாள்வாரியாக எடுத்து ஆராய்ந்தார்கள். சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் நாளில் அடிதடி 9 விழுக்காடு கூடுகிறது. பொருட்களை உடைத்து நாசமாக்குவது 18 விழுக்காடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுவது 13 விழுக்காடு கூடுகிறது. யாரும் எதிர்பாராத முடிவு வரும் ஆட்டங்களில்தான் ஏற்றம் மிக அதிகம்.

இனி நான் சொல்லப்போவதைப் பெண் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்க வேண்டும், ஆண் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்க வேண்டும். உண்மையில் ஆண் பிள்ளைகளின் பெற்றோர்தான் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். ஜேசன் லிண்டோவும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பிரிவு ஃபுட்பால் ஆட்டம் நடக்கும் நாளில் 17 முதல் 24 வயதுப் பெண்கள் கொடுக்கும் பாலியல் வன்முறைப் புகார்கள் 28 விழுக்காடு கூடுகின்றன என்று கண்டார்கள். சொந்த ஊர் ஆட்டத்தில் அது 41 விழுக்காடு. வெளியூர் ஆட்டத்தில்? அப்போதும் 15 விழுக்காடு கூடுகிறது. இது ஆண்டுக்கு 253 முதல் 770 வரை கூடுதல் குற்றங்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மதுவின் மேல் பழியைப் போட்டு ஒருவனும் தப்பிக்க முடியாது. குற்றம் செய்பவன்தான் குற்றவாளி. குடித்திருந்தாள் என்பதற்காக எந்தப் பெண்ணின் மேலும் விரல் நீட்ட நமக்கு உரிமை இல்லை.

அந்த 15 விழுக்காட்டைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் வேறு மாநிலத்தில் நடக்கிறது. உள்ளூர் ஸ்டேடியம் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் ஊரில் கேடு கூடுகிறது. ஃபிராட் எனப்படும் மாணவர் சங்க வீடுகளில், வாடகை வீடுகளில், பெரிய டிவிக்கு முன்னால் அந்தக் குடி நடக்கிறது. ஆகவே, ஸ்டேடியத்துக்குள் பியர் விற்கலாமா கூடாதா என்று பத்திரிகைகளிலும் பல்கலைக்கழக நிர்வாகக் குழுக்களிலும் ஆண்டுக்கணக்கில் நடக்கும் விவாதம் பிரச்சினையின் ஒரு மூலையை மட்டும்தான் தொடுகிறது.

அந்த விவாதத்தையும் பார்த்துவிடுவோம், அதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் ஃபோல்சம் ஃபீல்டு என்றொரு ஸ்டேடியம். அங்கே பியர் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரகளை தாங்காமல் 1996இல் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கைதுகளும், அரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையும், ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்தன என்று 2001இல் வந்த ஆய்வு சொல்கிறது. விற்பனையை நிறுத்தினால் நல்லது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள்.

இப்போது மேற்கு வர்ஜீனியாவுக்கு வாருங்கள். மார்கன்டவுனில் உள்ள பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ரசிகர்கள் இடைவேளையில் வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வரலாம் என்ற வழக்கம் இருந்தது. இடைவேளை வந்ததும் கூட்டம் கூட்டமாக வண்டிகளுக்கு ஓடி, இருபது நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விஸ்கியை ஊற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். மூன்றாம் கால்பகுதியில்தான் அடிதடி. 2011இல் அங்கு விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த ஆலிவர் லக் இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்தார். உள்ளே பியர் விற்பனையைத் தொடங்கினார். வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது என்றும் விதித்தார். ஆட்ட நாளில் போலீஸ் தலையிட வேண்டிய சம்பவங்கள் குறைந்தன என்று அப்பல்கலைக்கழகமே அறிவித்தது. விற்பனையைத் தொடங்கினால் நல்லது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

ஓர் ஊரில் நிறுத்தினார்கள், குறைந்தது. இன்னோர் ஊரில் தொடங்கினார்கள், அங்கும் குறைந்தது. ஒரு வளாகத்தின் கணக்கை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மை. ஆனாலும் இந்த இரண்டும் முரண்படுகின்றன என்று நான் நினைக்கவில்லை. இரண்டு ஊரிலும் மாணவனின் குணம் ஒரே ஆண்டில் மாறிவிடவில்லை. அவன் குடிக்கும் வேகமும் அளவும் இடமும் மாறின. போல்டரில் ஆட்ட நேரத்தின் மூன்றரை மணி நேரத்துக்கு மது அடைபட்டது. மார்கன்டவுனில் அளவில்லாமல், விலையில்லாமல் ஓடிய விஸ்கியின் வழி அடைபட்டு, அதன் இடத்தில் விலை கூடிய, அளந்து ஊற்றிய, வரிசையில் நின்று வாங்க வேண்டிய பியர் வந்தது. ஆட்ட நாளின் கேடு பிள்ளைகளின் ஒழுக்கக்கேட்டால் மட்டும் வருவதில்லை. அந்த நாளை எப்படி அமைத்திருக்கிறார்களோ அதிலிருந்து வருகிறது. எந்த மணிக்குத் திறப்பது, எந்தக் கதவை மூடுவது, எவ்வளவு விற்பது, யாருக்கு மறுப்பது என்பதை ஒருவர் மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். தீர்மானித்தவரால் அதை மாற்றவும் முடியும். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

அந்த மேசையில் பணமும் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பெரிய டிவி வந்த பிறகு ஸ்டேடியக் கூட்டம் மெலிந்தது. ஆளை வரவழைக்க பியர் ஒரு வழி என்று பல்கலைக்கழகங்கள் கண்டுகொண்டன. தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, 2016இல் கல்லூரி பேஸ்பால் இறுதித் தொடரில் விற்பனையை அனுமதித்துப் பார்த்தது. 2018இல் தன் எல்லாச் சாம்பியன்ஷிப் போட்டிகளுக்கும் கதவைத் திறந்தது. பழைமையைப் பிடித்துக்கொண்டிருந்த தென்கிழக்கு மாநிலக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான எஸ்இசியும் 2019இல் தடையை நீக்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்டமான அரங்கத்திலும் 2024இல் விற்பனை வந்துவிட்டது. 2009இல் ஒரு பெரிய பியர் நிறுவனம் கல்லூரி அணிகளின் நிறங்களிலேயே கேன்களை அச்சிட்டு விற்றதும் நினைவுக்கு வருகிறது. அணியை நேசிப்பதும் அந்த பியரைக் குடிப்பதும் ஒன்றே என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் வேலை அது. பல பல்கலைக்கழகங்கள் எதிர்த்துக் கடிதம் அனுப்பின. எதிர்த்தது சரி. ஆனால் அதே நிறங்களின் நடுவே, அதே அரங்கத்தில், இன்று பல்கலைக்கழகமே பியர் விற்கிறது. விற்றுக்கொண்டே மாணவனிடம் ‘பொறுப்போடு குடி’ என்று சுவரொட்டி ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. விற்பவருக்குத்தான் முதல் பொறுப்பு.

2019இல் தடையை நீக்கிய அந்தக் கூட்டமைப்பு போட்ட விதிகளைப் படித்துப் பார்த்தேன். பியரும் ஒயினும் மட்டும். ஒருவர் ஒருமுறைக்கு எத்தனை வாங்கலாம் என்று வரம்பு வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை பார்க்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே நடந்து விற்கக் கூடாது. மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் விற்பனை நிற்க வேண்டும். நல்ல விதிகள்தான். இருக்கைக்கு வந்து விற்பதைத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போதையில் இருப்பது போல நடிக்கத் தெரிந்தவர்களைத் தொழில்முறை அணிகளின் ஸ்டேடியங்களுக்கு அனுப்பி மது வாங்கச் சொன்னார்கள். நான்கில் மூன்று முறை விற்றுவிட்டார்கள். கவுன்டரைவிட இருக்கைக்கு வந்து விற்பவரிடம் வாங்குவது எளிதாக இருந்தது. நீண்ட வரிசை, ஆர்ப்பரிக்கும் கூட்டம், மறுத்தால் சண்டைக்கு வரும் ஆள் என்று எல்லாவற்றுக்கும் நடுவே நிற்கும் தற்காலிக ஊழியரின் தலையில் விதியைச் சுமத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்க முடியாது. மறுத்தவருக்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளரும் ஒரு காவலரும் நிற்க வேண்டும்.

அதே ஆய்வாளர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். தொழில்முறை ஆட்டங்கள் முடிந்து வெளியே வந்த 362 பேரை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 40 பேர் குடித்திருந்தார்கள். 8 பேர் சட்ட வரம்பான 0.08ஐத் தாண்டியிருந்தார்கள். டெயில்கேட் செய்தவர்கள் அந்த வரம்பைத் தாண்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு. கல்லூரி ஆட்டங்களில் டெயில்கேட்டிங் இன்னும் நீளமானது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே வாகன நிறுத்துமிடத்தைத்தான் நான் சுட்டிக்காட்டுகிறேன். திறக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கலாம். ஆட்டம் தொடங்கியதும் அங்கிருப்போரைக் கலைக்கலாம். பெரிய பீப்பாய்களையும் குழாய் வைத்துக் குடிக்கும் கருவிகளையும் தடுக்கலாம். 2011இல் யேல் மைதானத்துக்கு வெளியே டெயில்கேட் கூட்டத்துக்குள் சரக்கு வண்டி ஒன்று பாய்ந்து ஒரு பெண் இறந்தார். பிறகுதான் அங்கே பீப்பாய்களும் பெரிய வண்டிகளும் தடை செய்யப்பட்டன. ஓர் உயிர் போகும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? விஸ்கான்சின், மினசோட்டா பல்கலைக்கழகங்களில் குடித்துப் பிரச்சினை செய்து வெளியேற்றப்பட்ட மாணவர், அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் ஊதிக்காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்று வைத்தார்கள். அவமானப்படுத்தாமல், ஆட்டத்தையும் பறிக்காமல், குடியை மட்டும் தடுக்கும் ஏற்பாடு அது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பெற்றோர்களுக்கான வேலைக்கு வருகிறேன். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நூலகத்தையும் ஆய்வகத்தையும் காட்டுவார்கள். அப்போது கேளுங்கள். போன சீசனில் ஆட்ட நாட்களில் எத்தனை மாணவர்களை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது? டெயில்கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறது? பியரில் வந்த பணம் எங்கே போகிறது? பத்துப் பேர் கேட்டால் பதில் தயாரித்து வைப்பார்கள். நூறு பேர் கேட்டால் இணையதளத்திலேயே போட வேண்டிவரும்.

வீட்டில் ‘நம் பிள்ளை அப்படியெல்லாம் செய்யாது’ என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். குடித்தால் வீட்டுக்கு வராதே என்று மிரட்டவும் வேண்டாம். மிரட்டப்பட்ட பிள்ளை ஆபத்தில் இருக்கும்போது உங்களை அழைக்காது. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்திருக்கும் உறவினர் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசா ரத்தாகக்கூடும். 2015 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறை அதற்கு வழி வைத்திருக்கிறது. விசாவை நினைத்தாவது சாவியை நண்பரிடம் கொடுத்துவிடட்டும்.

கடைசியாக, உயிர் காக்கும் செய்தி. இந்த நாட்டில் குடி தொடர்பான விபத்துகளிலும் காயங்களிலும் ஆண்டுக்கு 1,500 அளவில் கல்லூரி மாணவர்கள் இறக்கிறார்கள் என்று தேசிய மது ஆய்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. தனியாகப் படுக்க வைத்துவிட்டுப் போன நண்பர் காலையில் எழுந்திருக்காத கதைகளும் நடக்கின்றன. தூங்கினால் தெளிந்துவிடும் என்று நம்பக் கூடாது. வயிற்றில் இருக்கும் மது, தூக்கத்திலும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைவு, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பத்து நொடி இடைவெளி, உதடும் தோலும் நீலம், நினைவில்லாமலே வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் போதும், 911ஐ அழைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். போலீஸ் வந்தால் நானும் மாட்டிக்கொள்வேனே என்ற பயம்தான் பிள்ளைகளின் கையைத் தடுக்கிறது. வயது குறைந்தவர் குடித்திருந்தாலும், உதவி கேட்டு அழைத்தால் அந்தக் குடிக்காக வழக்குப் போடுவதில்லை என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளை போகும் மாநிலத்தில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்று அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பல இடங்களில் அழைத்தவர் தன் பெயரைச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். அதையும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.